பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலையின் மேற்புறத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இவ்விடத்திலிருந்து பாடினார் என்பது மரபு. பாதையோரத்தில் அவருக்கு ஒரு சிறு கோயிலும் உண்டு. வைகறையில் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பிச் செல்வதாக அந்நூல் அமைந்திருப்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். முன்னே எழுந்தவள் பின்னே உறங்குபவளின் வாயிலில் நின்று அழைக்கிறாள். பெண்மக்களின் மாலைநேரக் கல்வியைப் பற்றி எழுத முற்பட்டபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது இக்காட்சியே.

இத்தகைய ஊர்களில் பெண்ணின் படிப்பு எங்கே நின்றுபோகிறது? வகுப்பறையிலன்று, இரண்டு கோடை விடுமுறைகளில். ஒன்று பத்தாம் வகுப்பை அடுத்து வருவது. மற்றொன்று பன்னிரண்டாம் வகுப்பை அடுத்து வருவது. பள்ளி முடிந்துவிட்டது, கல்லூரி இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைவெளியில்தான் வரன் பேசப்படுகிறது; பாதையோரக் கடைக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது; பௌர்ணமி தோறும் கூட்டம் வரும், வீட்டில் கைகள் போதா. பெற்றோர் தீயவரல்லர். அடுத்த அடி எதுவென்று சொல்லித்தர அவர்களுக்கு ஒருவருமில்லை. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மாலை வகுப்புகளும் கல்லூரி ஆயத்தப் பயிற்சிகளும் நிரப்ப முனைவது இவ்விடைவெளியையே.

மாலை வகுப்பென்றால் தனிப்பயிற்சி என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். விளக்குள்ள ஓர் அறை, இடையூறில்லாத ஒன்றரை மணி நேரம், விளங்காததைக் கூசாமல் கேட்பதற்கு ஓர் அக்காள் ஆகிய மூன்றுமே அதன் உயிர்நிலை. இஃது எவ்வளவு பயன் தரும் என்ற ஐயத்திற்கு நம் மாநிலத்திலேயே விடை கிடைத்துள்ளது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவரவர் தெருவிலேயே மாலையில் வகுப்பு. கற்பித்த தன்னார்வலருள் மிகப் பலர் பெண்கள். மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 சிறாரை ஆராய்ந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் 24 விழுக்காடு இம்மாலை வகுப்பால் விளைந்தது என்றும் கணித்தனர். திண்ணையில் அமர்ந்த ஓர் இளம்பெண்ணின் ஒன்றரை மணி நேரத்திற்கு இவ்வளவு ஆற்றல் உண்டு.

இது புதிய முறையுமன்று. இளமையிலேயே கணவனை இழந்து, 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, 1912-இல் இளங்கைம்பெண்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அவர்களைத் தம்மோடு தங்கவைத்துப் பள்ளிக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் ஆயத்தம் செய்தார். நம் சமுதாயத்திலும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்கள் தைக்காக்கள் நெடுங்காலமாக உள்ளன. பெண்கள் கூடிப் பெண்களிடமே ஓதக் கற்ற இடங்கள் அவை. பெண்பிள்ளை மாலையில் வேறிடம் சென்று படிப்பதா என்று வினவும் பெரியவர்கள், தம் பாட்டிமார் அவ்வாறே ஓதினர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மஃரிபுக்கு முன் வகுப்பை முடிப்பதும், திரும்பும்போது பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்புவதும் எளிதில் செய்யத்தக்க ஏற்பாடுகளே.

இனிக் கல்லூரி ஆயத்தம். இதனைத் தேர்வுப் பயிற்சி என்று சுருக்குவது பிழை. பாதி வேலை காகித வேலையாகும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே பெற்றுவைக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-இல் அளிக்கப்பட்ட 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் சான்று கையிலுள்ளவர்க்கே பயன்படும். ஆதார் அட்டையில் ‘பாத்திமா பீவி’, மதிப்பெண் பட்டியலில் ‘பாத்திமா பேகம்’ என்றிருந்தால் என்னாகும்? விண்ணப்ப மையத்தின் வாயிலில் நின்றுகொண்டு திருத்த இயலாது. பெயரைப் பதினோராம் வகுப்பிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

உண்மையில் இவ்வாயத்தம் ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்திற்கும், 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்ட ‘புதுமைப்பெண்’ திட்டம், கல்லூரி சென்ற அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. இரண்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் விதியாக வைக்கப்பட்டது. (2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியரும் புதுமைப்பெண்ணில் சேர்க்கப்பட்டனர்.) இதனை அறியாத தந்தை, கடன் வாங்கி மகளை ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்; அன்புடன் செய்த அச்செயலால் அவள் இரண்டையும் இழக்கிறாள். இதைச் சொல்லவேண்டிய வேளையில் சொல்வதற்கு ஊரில் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. புதுமைப்பெண் புதிதாகப் பிறந்ததன்று. 1989-இல் தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தின் மறுவடிவம் அது. பெண்ணுக்கு அரசு தந்த பணம் மணப்பந்தலின் வாயிலிலிருந்து கல்லூரி வாயிலுக்கு இடம்பெயர்ந்தது. இம்மாற்றத்தை நாம் பெரிதும் வரவேற்கிறோம். ஆயினும் மாதம் 1,000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகே வரும். சேர்வதற்கு முன்னுள்ள மூன்று திங்களை அது கடத்திவிடாது.

அம்மூன்று திங்களைக் கருத்திற்கொண்டு செயற்படுவதில் 2006-இல் நிறுவப்பெற்ற அகரம் அறக்கட்டளை கருதத்தக்கது. 2010 முதல் நடைபெறும் அதன் ‘விதை’ திட்டத்தில், விண்ணப்பித்த மாணவரின் வீட்டிற்கே தன்னார்வலர் நேரில் சென்று நிலையறிந்து வருகின்றனர். இதுவரை 6,000-க்கு மேற்பட்டோர் இவ்வழியே கல்லூரி கண்டுள்ளனர். மதிப்பெண் தாள் சொல்லாததை வீட்டுத் திண்ணை சொல்லும் என்பது நம் துணிபு. மகளை வெளியூர் விடுதியில் விட அஞ்சும் தாய்க்குத் துண்டறிக்கை ஆறுதல் தாராது. அதே விடுதியில் தங்கிப் படித்த பெண்ணொருத்தி வந்து, கதவு எத்தனை மணிக்கு அடைக்கப்படும், உணவு எப்படி, தொழ இடமுண்டா என்று சொன்னால் அத்தாய் கேட்பாள்.

கல்லூரியில் சேர்ந்ததோடு பணி முடிந்ததாகவும் கொள்ளலாகாது. தமிழ்வழியில் பயின்றவள் ஆங்கிலப் பாடநூலைக் கண்டு மருளுவது முதற் பருவத்தில்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவதும் அப்போதுதான். ஆதலின் மாலை வகுப்பு நடத்துவோர் முதற் பருவத் தேர்வு முடியும் வரை அவளோடு கடிதமோ தொலைபேசியோ வழித் தொடர்பு வைத்திருப்பது நன்று. அத்தேர்வு முடிந்த விடுமுறையில் அவள் ஊர் வருவாள். அன்று மாலை அதே அறையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர அவளை அழைக்கலாம்.