பழைய அவுட்போர்டுக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

கைமாறி வந்த அவுட்போர்டு மோட்டாரில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, அதே எண்ணில் புதிதாக வாங்கிவிடுவதே பலர் வழக்கம். முன்பு வைத்திருந்தவர் கடையில் கிடைத்ததை மாட்டியிருந்தால்? மோட்டாரின் தகட்டில் உள்ள மாடல் எண்ணுக்குக் கையேடு என்ன சொல்கிறதோ, அதுதான் கணக்கு.

ஏன் இவ்வளவு கறார்? பிளக்கின் நுனி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் படிந்த கரி தானாக எரிந்துபோகும். 800-ஐத் தாண்டினாலோ, பொறி விழுமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும், பிஸ்டனே ஓட்டையாகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை நிறுத்துவதுதான் ‘ஹீட் ரேஞ்ச்’.

என்ஜிகேயின் பிஆர்8எச்எஸ்-10 பிளக்கைக் கையில் எடுங்கள். ‘பி’ 14 மி.மீ. மரை. ‘ஆர்’ ரெசிஸ்டர்; வயர்லெஸ்ஸில் இரைச்சலைக் குறைக்கும். ‘எச்’ மரையின் நீளம், 12.7 மி.மீ. (நீளம் கூடினால் பிஸ்டன் இடிக்கும், ஜாக்கிரதை!) கடைசிப் 10, பொறி தாண்டும் இடைவெளி 1 மி.மீ. என்கிறது. நடுவிலுள்ள 8தான் ஹீட் ரேஞ்ச். என்ஜிகேயில் எண் ஏற ஏறப் பிளக் ‘குளிர்’, சாம்பியனில் நேர்மாறு. எண்ணை மட்டும் பார்த்துப் பிராண்டு மாற்றுவது வம்பு.

சரியான பிளக்கை மாட்டி ஓட்டியபின் நுனியைப் பாருங்கள். வெளிர்பழுப்பு நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் அதிகம், அல்லது நெடுநேரம் மெதுவோட்டம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் பிளக்கைக் குறை சொல்லுமுன் தண்ணீர் பம்ப்பையும் கார்புரேட்டரையும் பிரித்துப் பாருங்கள்.