ஒரு ஜன்னல், ஒரு தெர்மாகோல் அட்டை... அசத்தலான ஆபீஸ் போட்டோ ரெடி, தெரியுமா?

விசிட்டிங் கார்டு, கம்பெனி இணையதளம், லிங்க்ட்இன், பத்திரிகைப் பேட்டி... எங்கே போனாலும் நமக்கு முன்னால் போய் நிற்பது நம் முகம்தான். ஆனால், "ஆபீஸ் போட்டோ எடுக்கணும், வாங்க" என்றதும் பலருக்கும் தோள் விறைக்கிறது, உதடு இறுகுகிறது, கண்ணில் பரீட்சை பயம்! ஸ்டூடியோ நிறைய விளக்கு வைத்தால் இது சரியாகிவிடுமா? ஆகவே ஆகாது! ஒரே ஒரு நல்ல வெளிச்சமும் ஆளை இலகுவாக்கும் நாலு வார்த்தையும் போதும். நம்ப முடியவில்லையா? இதோ, ஒவ்வொன்றாகப் படியுங்கள்!

விளக்கு வியாபாரி விளக்கே இல்லாமல் எடுத்த படம்!

அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் விளக்குகள் செய்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர் ராபர்ட் கொர்னீலியஸ். 1839-ல் கடைக்குப் பின்புறம் கேமராவை நிறுத்தி, தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டார். இன்றும் கிடைக்கும் மிகப் பழைய தன்படங்களில் அது ஒன்று! கடை நிறைய விளக்கு இருந்தும் அவர் நம்பியது பகல் வெளிச்சத்தை மட்டுமே. கலைந்த தலைமுடி, கட்டிய கைகள், லேசாக ஒரு பக்கம் போகும் பார்வை... 180 வருடங்களுக்கு மேல் ஆகியும், இப்போதுதான் வேலையிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி நிற்கிறார்!

கண் சிமிட்டும் நேரத்தில் தீர்ப்பு!

ஒரு முகத்தைப் பார்த்து 'இவரை நம்பலாமா?' என்று முடிவுகட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு! பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ், டொடொரொவ் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இது. கூடுதல் நேரம் கொடுத்தாலும் பெரும்பாலும் முடிவு மாறுவதில்லை. அந்த முடிவின் மேல் நம்பிக்கைதான் கூடுகிறது. உங்கள் புரொஃபைல் போட்டோவுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்!

மூன்றே நிமிடம்... கோடீஸ்வரரின் கோபம்!

1903. அமெரிக்க வங்கித்துறையையே ஆட்டிவைத்த ஜே.பி. மார்கனைப் படம் எடுக்க எட்வர்ட் ஸ்டைக்கனுக்குக் கிடைத்தது வெறும் மூன்று நிமிடம். என்ன செய்தார் தெரியுமா? மார்கன் வருவதற்கு முன்பே கட்டடத்தின் காவலாளியை அதே நாற்காலியில் உட்காரவைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துவிட்டார்! மார்கன் வந்தார். வழக்கமான போஸில் ஒரு படம். பிறகு ஸ்டைக்கன், "தலையைக் கொஞ்சம் திருப்புங்கள்" என்று கேட்க, மார்கனுக்கு அது அசௌகரியம், எரிச்சல். "சரி, உங்களுக்கு வசதியாக உட்காருங்கள்" என்றார் ஸ்டைக்கன். மார்கன் பழைய நிலைக்கே திரும்பினார், ஆனால் எரிச்சல் முகத்தில் தங்கிவிட்டது. அந்த நொடியில் க்ளிக்! முறைக்கும் கண்கள்! நாற்காலிக் கைப்பிடியில் பட்ட வெளிச்சமோ, அவர் கையில் கத்தி பிடித்திருப்பதாகவே காட்டுகிறது. அச்சைப் பார்த்த மார்கன் கிழித்தே போட்டுவிட்டார். இன்று அவர் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருவது அந்தப் படம்தான்! இதில் நமக்கு இரண்டு பாடம்: வெளிச்சத்தை முன்கூட்டியே வேறொருவரை வைத்துச் சரிசெய்துவிடுங்கள், வந்தவரை "இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு" என்று படுத்தாதீர்கள்.

ஸ்டீவ் ஜாப்ஸை மயக்கிய ஒரு யோசனை!

தாடையில் கை வைத்து நேராகப் பார்க்கும் ஸ்டீவ் ஜாப்ஸ் படம் நினைவிருக்கிறதா? 2006-ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகைக்காக ஆல்பர்ட் வாட்சன் எடுத்தது. "சிரிங்க சார்" என்று அவர் கேட்கவே இல்லை! மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் உங்கள் பக்கம்தான் சரி என்று உங்களுக்குத் தெரியும். அப்படி நினைத்துக்கொண்டு கேமராவைப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான்! வெறும் வெள்ளைப் பின்னணி. 2011-ல் ஜாப்ஸ் மறைந்தபோது ஆப்பிள் தன் இணையதளத்தின் முகப்பில் வைத்ததும், அவர் வாழ்க்கை வரலாற்று நூலின் அட்டையில் வந்ததும் இந்தப் படமே!

ராட்சச சூரியன், சின்ன வெளிச்சம்!

சூரியனின் விட்டம் சுமார் 13.9 லட்சம் கிலோமீட்டர். ஆனாலும் உச்சிவெயிலில் முகத்தில் ஏன் கறுகறுவென்று நிழல் விழுகிறது? சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் கண்ணுக்கு அது அரை டிகிரி அகலம்தான்! வெளிச்சம் வரும் இடம் முகத்துக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை, இதுதான் வெளிச்சத்தின் ரகசியம். ஒரு மேகம் மறைத்தால் வானமே விளக்காகிவிடும். வெயில் நேராக அடிக்காத ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும், வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸுக்கு அது சளைத்ததல்ல!

துணியில் பட்டுத் திரும்பிய புரட்சி!

1956-ல் வந்த சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றம் ஸ்டூடியோவில் போட்ட செட் என்று சொன்னால் நம்புவீர்களா? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் படமாக்கினார். நேர் வெளிச்சமே கிடையாது! அதே வித்தைதான் இன்று நம் ஷூட்டிங் ஸ்பாட்களில் லைட்பாய் தூக்கிப்பிடிக்கும் தெர்மாகோல். நீங்களும் செய்யலாம்: ஜன்னல் ஒரு கன்னத்துக்கு, வெள்ளை தெர்மாகோல் மறு கன்னத்துக்கு. பக்கத்தில் கொண்டுபோனால் நிழல் கரையும், தள்ளிப்போனால் நிழல் ஆழமாகும். ஸ்விட்சே இல்லாத டிம்மர்!

மளிகைப் பையில் கேமரா!

லண்டன் 'அப்சர்வர்' ஞாயிறு இதழுக்காக 1949 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேல் படம் எடுத்த ஜேன் பவுன், கேமராவைக் கொண்டுபோனது சாதாரணக் கடைப்பையில்! ஜன்னல் வெளிச்சம்தான் அவருக்கு உயிர். லைட் மீட்டரும் வேண்டாம். தன் புறங்கையில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடுவார். எதிரில் இருப்பவரை மிரட்டும் கருவிகள் எதுவும் இல்லை, அதனால் முகமும் மிரளவில்லை!

வெளிச்சத்தால் பழிவாங்க முடியுமா?

முடியும்! இரண்டாம் உலகப் போரில் அடிமைத் தொழிலாளர்களைப் பயன்படுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்டவர் ஜெர்மானியத் தொழிலதிபர் ஆல்ஃபிரீட் க்ரூப். 1963-ல் அவரைப் படம் எடுத்த ஆர்னால்ட் நியூமன் ஒரு யூதர். தொழிற்சாலைப் பின்னணி, இரண்டு பக்கமும் விளக்கு, முன்னால் சாயச் சொன்ன ஒரு வார்த்தை... சைத்தானே எதிரில் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது! உங்கள் முதலாளியை அப்படிக் காட்ட விருப்பமில்லை என்றால் இருபுறமும் சமமாக விளக்கு வைக்காதீர்கள்.

சாக்லேட் கம்பெனிகள் மாற்றிய ஃபிலிம்!

கோடாக் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்ட 'ஷெர்லி கார்டு' வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கருமையான முகங்கள் படத்தில் மங்கிப்போயின. ஃபிலிமில் மாற்றம் எதனால் வந்தது தெரியுமா? டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும், மரத்தின் நிறம் சரியாக வரவில்லை என்று ஃபர்னிச்சர் நிறுவனங்களும் புகார் செய்ததால்! நம் நிறத்துக்கு இப்போது அந்தக் கவலை வேண்டாம். பவுடர் அப்பி வெளுக்கவைக்காதீர்கள். கறுப்பு மேனி வெளிச்சத்தை வாங்கி மினுங்கும். பக்கவாட்டில் பெரிய ஜன்னல் இருந்தால் கன்ன எலும்பும் தாடையும் செதுக்கிய மாதிரி எழும்.

இன்னும் சில... சட்டென்று!

* ஒரு அடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, ஐந்து அடி தூரத்துப் படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்கிறது 2018-ல் வந்த ஆய்வு. ஐந்தாறு அடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்!

* பொய்ச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். நிஜச் சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும். இதை 1862-லேயே எழுதிவைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் துஷேன். அதனால் பேச்சுக் கொடுங்கள், சிரிப்பு தானாக வரட்டும். சிரித்து முடிந்து முகம் தளரும் அடுத்த நொடியைத் தவறவிடாதீர்கள்!

* 'என் போட்டோவே எனக்குப் பிடிக்கலை' என்பவரா? நமக்குக் கண்ணாடியில் தெரியும் முகம் பிடிக்கிறது, நண்பர்களுக்கோ நேரில் தெரியும் முகம் பிடிக்கிறது என்று 1977-லேயே ஓர் ஆய்வு காட்டியது. படத்தை நண்பரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்!

* மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் பளிச்சிடுகிறதா? காதுப் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள், கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பளிச்சிடல் போய்விடும்!

* குழுப் படத்தில் யாராவது கண்ணை மூடிவிடுகிறார்களா? 20 பேருக்குள் என்றால் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், நல்ல வெளிச்சத்தில் அத்தனை படம் போதும். 15 பேருக்கு 5 படம்! வெளிச்சம் குறைவென்றால் இரண்டால் வகுங்கள். இந்தக் கணக்குக்கு 2006-ல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசே கிடைத்தது!

* ஜன்னல் வெளிச்சம் நீலம் கலந்தது, மஞ்சள் பல்பு ஆரஞ்சு. இரண்டும் சேர்ந்தால் பாதி முகம் ஒரு நிறம், மீதி வேறு நிறம்! தலைக்கு மேலே எரியும் லைட்டோ கண்குழியில் நிழல் போடும். அதனால் அறை விளக்குகளை முதலில் அணைத்துவிடுங்கள்.

நாளைக் காலையே முயன்று பாருங்கள். லைட்டை அணைத்து, ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தெர்மாகோலைச் சாய்த்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுவதையும் எதிரில் இருப்பவருக்குக் கொடுங்கள். அவர் கடையை எப்படி ஆரம்பித்தார், முதல் வாடிக்கையாளர் யார் என்று கேளுங்கள். தன் தொழிலைப் பற்றிப் பேசும்போது அழகாகாத மனிதரே இல்லை!