கறை படிந்த பற்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சிற்றூர்களில் குழந்தைகள் சிலர் சிரிக்கும்போது பற்களில் பழுப்புக் கோடுகள் தெரியும். பல் துலக்காத சோம்பேறிகள் என்று அவர்களைக் கடிந்துகொள்வோர் உண்டு. அது அநீதி. குற்றம் நீரில் உள்ளது.

அப்பகுதியின் பாறைகளில் ஃபுளோரைடு கலந்திருக்கிறது. முன்னோர் ஆழமற்ற கிணறுகளில் இறைத்துக் குடித்தனர். நிலத்தடி நீர் தாழத் தாழ, ஆழ்துளைக் கிணறுகள் பாறைக்குள் இறங்கின. பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீர் அவ்வுப்பை மிகுதியாக ஏந்தி வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதனினும் மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் பருகினால் முதலில் பல் கெடும். அளவு மிக மிக எலும்பும் கெட்டு, மூட்டுகள் இறுகி, முதுகு வளையும்.

நீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் தாய்மார் நம்புகின்றனர். கிருமிகள் சாகும், மெய்தான். ஆனால் ஃபுளோரைடு ஆவியாகிப் போவதில்லை. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுப்பதுமில்லை.

2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை இம்மாவட்டங்களுக்குக் கொண்டு வந்தது. பெரும் பேறுதான். எனினும் குடிப்பதற்குக் காவிரி நீர், உலை வைப்பதற்கு ஆழ்துளை நீர் என்று பிரித்துக்கொண்டால் பயன் பாதியாகிவிடும். சோற்றோடும் குழம்போடும் அவ்வுப்பு உள்ளே போகும். எட்டு வயதிற்குள் உருவாகும் நிலைப்பற்களில் ஏறிய கறை பின்னர் தானே மறையாது. ஆதலால் சிறுவருள்ள இல்லத்தார் தம் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வார்களாக.