காகிதத்தால் ஆகும் துணிப்பெட்டி

பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் செழித்துள்ள சிவகாசி வட்டாரத்தில், நாட்காட்டியும் அட்டைப்பெட்டியும் உருவாகும்போது கழிக்கப்படும் தாள்களுக்கும் அட்டைகளுக்கும் குறைவில்லை. அவற்றைக்கொண்டு படுக்கையறையில் துணிமணி வைக்க எடை குறைந்த பெட்டிகளை நாமே செய்துகொள்ளலாம்.

இது புதிய வித்தையன்று. பழந்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் ஆட்டி, மூங்கிற்கூடையின் மீது அப்பி வெயிலில் காயவைப்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். வெந்தயத்தின் கொழகொழப்பு கூழை இறுகப் பிணைக்கிறது.

காகிதம் எடை தாங்குமா என்று சிலர் ஐயுறலாம். ஒரு தாளை நிறுத்தினால் அது சாயும். அதையே குழாயாகச் சுருட்டினால் நிமிர்ந்து நிற்கும். பட்டாசுக் குழாய் சுருட்டும் நம் பெண்மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1995-இல் ஜப்பானின் கோபே நகரிலும், 2001-இல் குஜராத்தின் பூஜ் பகுதியிலும் பூகம்பம் நேர்ந்தபின், ஷிகேரு பான் என்னும் கட்டடக் கலைஞர் காகிதக் குழாய்களால் குடில்களே அமைத்தார்.

செய்முறை எளிது. நெளிவுள்ள அட்டைகள் மூன்றை எடுத்து, ஒன்றின் நெளிவு நெடுக்காகவும் அடுத்ததன் நெளிவு குறுக்காகவும் அமையுமாறு, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுக. மேலே பாரம் ஏற்றி, பசை பிடித்தபின் நன்கு உலர்த்துக. இப்பலகைகளைப் பெட்டியாகப் பொருத்தி, மூலைகளில் துணிப்பட்டை ஒட்டுக. சித்திரை, வைகாசி வெயில் இதற்கு ஏற்றது.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. முதலாவது, பட்டாசு ஆலையில் மருந்து பட்ட தாளையோ குழாயையோ ஒருபோதும் வீட்டிற்குள் கொண்டுவருதல் கூடாது. தாளில் ஒட்டிய மருந்துத் தூள், உராய்வினாலோ சிறு பொறியினாலோ தீப்பற்றி உயிரைக் குடிக்கும். அச்சகத்தில் நேரே பெற்ற தூய தாளே போதும். இரண்டாவது, காகிதத்திற்கு நீரும் கரையானும் நெருப்பும் பகை. ஆகவே பெட்டியைச் செங்கல் மீது உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். விளக்கும் அடுப்பும் அருகில் இருத்தலாகாது.

மரப்பெட்டி செய்யும் வேலை அனைத்தையும் இது செய்யாது. நெல்லும் பாத்திரமும் இதற்கு உரியவையல்ல. துணி, புத்தகம், போர்வை ஆகியவற்றிற்கு இது தகும்.

ஊராட்சி உறுப்பினர்கள் தங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவினரைக் கொண்டு முதலில் இரண்டொரு பெட்டிகள் செய்விக்கலாம். அவை ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைக் கடந்து நிற்பதைக் கண்டபின் விற்பனையைத் தொடங்குவதே நன்று. வாங்குவோரின் நம்பிக்கையே குடிசைத் தொழிலுக்கு மூலதனம்.