‘இடம் இல்லை’ என்றால் எழுதிக் கேளுங்கள்

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரப் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறை வாசலில் பெற்றோர் காத்து நிற்பது வழக்கம். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் முதல் பஸ் பிடித்து மலை இறங்கி வந்தவர்களும் அதில் இருப்பார்கள். ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பிள்ளையைச் சேர்க்க வேண்டும். ‘இடம் இல்லைங்க’, ‘டி.சி. இல்லாம சேர்க்க முடியாது’, ‘சாதிச் சான்றிதழ் எடுத்துக்கிட்டு வாங்க’, ‘அட்மிஷன் முடிஞ்சு போச்சு’. இவற்றில் ஏதாவது ஒரு பதிலோடு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு, அவர்கள் ஊர் திரும்புகிறார்கள்.

இந்தப் பதில்கள் எல்லாம் வாயால் சொல்லப்படுபவை. நாளைக்கு மேலதிகாரி கேட்டால், ‘அப்படி யாரும் வந்து கேட்கவே இல்லை’ என்று சொல்லிவிட முடியும். மனு இல்லை என்றால் மறுப்பும் இல்லை. மறுப்பு இல்லை என்றால் மேல்முறையீடும் இல்லை. நம் பிள்ளைகள் பலருடைய படிப்பு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.

1856-இல் ஒரு மனு

இன்றைய கர்நாடகத்தில் உள்ள தார்வாட் அப்போது பம்பாய் மாகாணத்தில் இருந்தது. 1856 ஜூன் மாதம், அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்ட மகர் சமூகச் சிறுவன் ஒருவன் பம்பாய் அரசுக்கு மனு எழுதினான். நியாயம் மனுதாரர் பக்கம் இருப்பதை அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் மற்றவர்கள் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள் என்று காரணம் காட்டி ஜூலையில் கைவிரித்தது.

மனு அத்தோடு முடியவில்லை. விஷயம் கல்கத்தாவுக்குப் போனது. வங்காளத்தில் இப்படி ஒரு மறுப்பு நடந்திருக்காது என்று 1857 ஜனவரியில் இந்திய அரசு எழுதியது. அங்கிருந்து லண்டன் வரை போனது. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொதுவானவை என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1858 ஏப்ரலில் எழுத்தில் சொன்னார்கள். பின்னாளில் அம்பேத்கர் தம் எழுத்துகளில் இந்த மனுவை எடுத்துக்காட்டினார்.

உத்தரவு வந்ததும் ஊர் மாறிவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பள்ளிக்குப் போன அம்பேத்கரே வகுப்பில் தனியாகக் கோணிச் சாக்கில் உட்கார வேண்டியிருந்தது. ஆனாலும், தாளில் எழுதிய மனு என்பதால்தான் மூன்று இடங்களில் மூன்று அரசாங்க அமைப்புகள் பதில் சொல்ல வேண்டி வந்தது.

எட்டாம் வகுப்பு வரை

தார்வாட் சிறுவனுக்கு இல்லாத சட்டம் இன்று நம் கையில் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரை அது பொருந்தும். வாசலில் கேட்கும் பதில்களை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘அட்மிஷன் முடிஞ்சு போச்சு’: சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது பிரிவு 15.

‘டி.சி. இல்லை’: அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறி வரும் பிள்ளையை, டி.சி. வரத் தாமதம் என்ற காரணத்துக்காகக் காக்க வைக்கவோ மறுக்கவோ கூடாது என்கிறது பிரிவு 5. டி.சி. கொடுக்க இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதில் இடம் உண்டு. குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பும் மலைக் குடும்பங்கள் இந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

‘பிறப்புச் சான்று இல்லை’: வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது பிரிவு 14.

‘இடம் இல்லை’: ஒரு பள்ளி நிரம்பியிருந்தால், பிள்ளைக்கு வேறு பள்ளியில் இடம் ஏற்பாடு செய்வது அரசின் கடமை. அதைத் தேடி அலைவதைப் பெற்றோர் தலையில் கட்ட முடியாது.

சாதிச் சான்றிதழைப் பொறுத்தவரை, கல்வி உதவித்தொகைக்கும் விடுதிக்கும் அது தேவை. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர அதை நிபந்தனையாக்க இந்தச் சட்டத்தில் இடமில்லை. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் சான்று தருகிறார்கள். பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ சமூகம் சில மாவட்டங்களுக்கு மட்டுமே உண்டு. அதில் பழைய தென்னாற்காடு மாவட்டம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான் என்பதால் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. அதை வைத்து யாராவது குழப்பினால், நம் மலை தென்னாற்காட்டைச் சேர்ந்தது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வெள்ளிமலை ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் பிள்ளையின் மதிப்பெண் விவரத்தை எழுதிக் கேட்கலாம். அதோடு படிப்பு முடிந்ததாக நினைக்க வேண்டாம். அருகில் உள்ள அரசு உண்டு உறைவிடப் பள்ளி அதே பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல்

இங்கே கல்வி உரிமைச் சட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் அரசியல் சட்டம் நிற்கவில்லை. அரசு நடத்தும் அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் சாதியைக் காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29(2)-ஆவது பிரிவு. தீண்டாமை காரணமாகப் பள்ளியிலோ விடுதியிலோ சேர்க்க மறுப்பது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி குற்றம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் 1 சேர்க்கைக்கு இடஒதுக்கீடு உண்டு: பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். கேட்ட குரூப் கிடைக்கவில்லை என்றால், அந்தக் குரூப்பில் யார் யார் எந்த ஒதுக்கீட்டில் சேர்க்கப்பட்டார்கள் என்ற விவரத்தைக் கேளுங்கள்.

மனு போகும் வழி

முதல் மனு தலைமை ஆசிரியருக்கு. பிள்ளையின் பெயர், கடைசியாகப் படித்த பள்ளி, கேட்கும் வகுப்பு, நேரில் வந்து கேட்ட தேதி, சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை எழுதி, ‘என் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்’ என்று முடித்தால் போதும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணத்தைச் சொல்வது அரசு அலுவலகத்தின் கடமை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது.

அடுத்தது மாவட்டக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர், மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளை என்றால், பிரிவு 32-இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் புகார் தரலாம். அந்தப் பிரிவும் ‘எழுத்து மூலமான புகார்’ என்றே சொல்கிறது. மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும், எண் 15100.

மூன்று மாதம் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். கிடைக்கும் பள்ளியில் சேர்த்துவிட்டு மனுவை நடத்துங்கள். ஒரு வருஷம் வீட்டில் இருந்த பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போவது கஷ்டம். பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சும் பையனுக்கு வெளியூர் வேலையும் அந்த இடைவெளியில்தான் வந்து நிற்கின்றன.

கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. ஒரு பிள்ளையின் இடத்துக்காக அப்படி யாரும் தானாக முன்வர மாட்டார்கள். அதற்கு வீட்டில் இருந்து ஒரு மனு போக வேண்டும். எழுதத் தெரியாத அம்மா அப்பாவுக்கு, பிளஸ் 2-வும் கல்லூரியும் படிக்கும் தம்பி தங்கைகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும். மறக்காமல் இரண்டு பிரதி எடுங்கள்.