எந்திர மூளையும் ஏடுகளின் எக்காளமும்

புற்றுநோயை எந்திர மூளை வெல்லப் போகிறது என்று ஏடுகள் எக்காளமிட்ட காலம் ஒன்று உண்டு. வென்றதா?

2011-இல் ஐ.பி.எம். கம்பெனியின் வாட்சன் என்ற கம்ப்யூட்டர், அமெரிக்கத் தொலைக்காட்சியின் வினாடி வினாப் போட்டியில் மனிதர்களைத் தோற்கடித்தது. அவ்வளவுதான்! வினாவுக்கு விடை சொன்ன எந்திரம் நாளை நோய்க்கும் விடை சொல்லும் என்று தலைப்புக்கள் பறந்தன. 2013-இல் டெக்சாசிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை வாட்சனைக் கைக்கொள்வதாக அறிவித்ததும் முழக்கம் இரட்டித்தது. விற்பவன் எழுதிக் கொடுத்த விளம்பரம், செய்தி என்ற பெயரில் அச்சேறிற்று.

2017-இல் தணிக்கை அறிக்கை வெளிவந்தது. 6 கோடியே 20 லட்சம் டாலரை விழுங்கிய அத்திட்டம், அன்றாடச் சிகிச்சைக்கு வராமலேயே கைவிடப்பட்டிருந்தது! கொட்டை எழுத்தில் வரவேற்ற ஏடுகள் எத்தனை, இதையும் அதே எழுத்தில் போட்டன?

நம் நாட்டிலும் மணிப்பால் மருத்துவமனைகள் வாட்சனை அமர்த்தின. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறு, டாக்டர்கள் சொன்னதையே எந்திரமும் சொன்னது என்பது வெற்றியாக விளம்பரமாயிற்று. டாக்டர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல எந்திரம் எதற்கு? நோயாளி பிழைத்தாரா என்பதல்லவா கேள்வி?

இந்தச் செய்திகளைப் பொழுதுபோக்குக்காகப் படிப்பவர் சிலர். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு, தாலிக்கொடியை அடகு வைத்தாவது அங்கே கொண்டு போகலாமா என்று கணக்குப் போட்டபடி படிப்பவர் பலர். அவரை நினைத்துத்தான் கேட்கிறோம்.

ஏடுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவதும் நியாயமாகாது. 2018-இல் கம்பெனியின் உள்விவகாரத் தாள்களைத் தோண்டி எடுத்ததும் ஓர் ஏடுதான்; ஸ்டாட் என்ற மருத்துவச் செய்தி ஏடு. உண்மை நோயாளிகளைவிடக் கற்பனை நோயாளிகளைக் கொண்டே வாட்சனுக்குப் பாடம் நடந்தது என்பதும், பாதுகாப்பற்ற யோசனைகளை அது கூறியதாக டாக்டர்களே குறைகூறியதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. 2022-இல் ஐ.பி.எம். தன் மருத்துவப் பிரிவை விற்கப் போவதாக அறிவித்தது.

நாம் விஞ்ஞானத்தின் விரோதிகளல்ல. 2023-இல் வெளியான சுவீடன் ஆய்வைப் பாருங்கள். 80,000 பெண்களை இரு கூறாக்கி, ஒரு கூறின் மார்பக எக்ஸ்ரேப் படங்களுக்குச் செயற்கை நுண்ணறிவின் உதவி பெற்றார்கள். படம் பார்க்கும் வேலை நூற்றுக்கு 44 குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய் குறையவில்லை. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் டாக்டரை எந்திரம் தோற்கடித்துவிட்டதாகப் பொருள்படத் தலைப்பிட்டால், அது அந்த ஆய்வு சொன்னதல்ல. எந்தப் படமும் எந்திரத்தின் கையில் மட்டும் விடப்படவில்லை. ஒவ்வொன்றையும் குறைந்தது ஒரு டாக்டரேனும் பார்த்தார்.