மகிஷ்பாத்தான்: பெயர் சொல்லும் கதை

நியூ டவுன்வாழ் தமிழன்பர்களாகிய நாம் முகவரி கேட்டால் "ஆக்‌ஷன் ஏரியா ஒன்று, இரண்டு" என்கிறோம். வெறும் எண்ணுக்குக் கதை கிடையாது. அருகிலுள்ள மகிஷ்பாத்தானுக்கு உண்டு. வங்காளியில் 'மகிஷ்' எருமை, 'பாத்தான்' மாட்டுக்கொட்டில். மகிஷாசுரமர்த்தினியை வணங்கும் நமக்கு முற்பகுதி புதிதல்ல. பிற்பகுதியும் அந்நியமல்ல, ஆடுமாடு அடைக்கும் இடத்தை நாம் 'பட்டி' என்போம். எத்தனை ஊர்ப்பெயர்கள் அப்படி முடிகின்றன!

அன்று இது உப்புநீர்ச் சதுப்புநிலம். பக்கத்து 'சால்ட் லேக்' என்ற பெயரே சாட்சி. ஆகவேதான் 1930இல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்தபோது, சதீஷ் சந்திர தாஸ்குப்தா முதலியோர் இங்கும் உப்புச் சத்தியாகிரகம் நடத்தினர்.

இன்று எருமையும் இல்லை, உப்பளமும் இல்லை, சுற்றிலும் அடுக்குமாடிகள். எஞ்சியிருப்பது பெயர்தான். அதன் பொருளை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். குடியேறிய ஊரும் அப்போதுதான் சொந்த ஊராகும்.